மகனின் ட்ரம்மும் உம்மாவின் பொறுமையும்

 

கிழக்கு மாகாணத்திலிருந்து ஒரு தாய் எனக்கு நான்கு பக்கங்களில் ஒரு கடிதம் எழுதியிருந்தார். அவருடைய மகன் தரம் நான்கில் படிக்கிறான். பாடசாலையில் புதிதாக ஒரு பாண்ட் வாத்தியக் குழு ஆரம்பித்திருக்கிறார்கள். உயரமான பிள்ளை என்று பார்த்து மகனைச் சேர்த்து, கையில் ஒரு ட்ரம்மையும் கொடுத்துவிட்டார்கள். முதல் வாரம் பிள்ளை தரையில் நிற்கவில்லையாம். சோற்றுக் கோப்பை, கதவு, தங்கையின் முதுகு என்று கண்டதையெல்லாம் தட்டிக்கொண்டு திரிந்தானாம். மூன்றாம் வாரம் "உம்மா, நான் இனிப் போகமாட்டேன்" என்று அழத் தொடங்கிவிட்டான்.

வீட்டிலோ மூன்று பேருக்கு மூன்று கருத்து. "முஸ்லிம் பிள்ளைக்கு இது என்ன வேலை? விட்டது நல்லது" என்கிறார் வாப்பும்மா. கட்டாரில் இருக்கும் வாப்பா தொலைபேசியில், "தொடங்கியதை முடிக்கத்தான் வேணும், ஆம்பிளைப் பிள்ளை அழுவதா?" என்கிறார். இடையில் நிற்கும் தாய் என்னிடம் கேட்கிறார்: "மௌலவி, நான் இவனைப் பிடித்துத் தள்ளுவதா, நிறுத்துவதா? தள்ளினால் பாவமா?"

இதேபோன்ற கேள்வியைப் பாடசாலையிலும் பல தாய்மார் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இம்முறை இப்பக்கத்தை இதற்கே ஒதுக்குகிறேன்.

முதலில் பாவமா என்ற கேள்வி. இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட வேண்டும். இசைக் கருவிகள் விடயத்தில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இன்று நேற்று வந்ததல்ல. ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ள, 'மஆஸிஃப்' எனும் வாத்தியங்களைப் பற்றிய ஹதீஸை ஆதாரமாகக் கொண்டு தஃப் தவிர்ந்த அனைத்தையும் தடுப்போர் இருக்கிறார்கள். ஹிஜ்ரி 456 இல் வபாத்தான இமாம் இப்னு ஹஸ்ம் (றஹ்) அந்த அறிவிப்பாளர் தொடரில் துண்டிப்பு இருப்பதாகக் கூறி வேறு முடிவுக்கு வந்தார். நம் நாட்டில் பெரும்பாலானோர் பின்பற்றி வரும் ஷாபிஈ மத்ஹபிலோ கருவிக்குக் கருவி சட்டம் வேறுபடுகின்றது. இமாம் கஸ்ஸாலி (றஹ்) தமது இஹ்யாவில் தஃபையும் முரசையும் ஆகுமானவற்றுள் சேர்க்கிறார்கள். ஹஜ்ஜுக்கு மக்களை ஆர்வமூட்ட ஊரூராகச் சென்று முரசு அடித்தவர்களைப் பற்றியும் அங்கே பேசுகிறார்கள். நடுப்பகுதி ஒடுங்கிய 'கூபா' எனும் முரசு மாத்திரமே மத்ஹபின் நூல்களில் பெயர் சொல்லி விலக்கப்படுகின்றது. ஊதும் கருவிகளில்தான் இழுபறி அதிகம். நாணற் குழலை இமாம் றாபிஈ (றஹ்) ஆகும் என்றார்கள். இமாம் நவவி (றஹ்) ஆகாது என்றார்கள். இருவரும் நம் மத்ஹபின் இரு தூண்கள்!

ஆகவே ட்ரம் அடிக்கும் ஒரு பிள்ளையைப் பார்த்து "நரகத்து வேலை" என்று சொல்லும் துணிவு எனக்கில்லை. ஊதும் கருவி என்றால், உங்கள் மனதுக்கு நம்பிக்கையான ஓர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெற்றுக்கொள்ளுங்கள். என்ன வாசிக்கப்படுகின்றது, எந்த இடத்தில், தொழுகை தவறுகின்றதா என்பவற்றையும் சேர்த்தே கேளுங்கள்.

இங்கே இன்னொன்றும் ஞாபகம் வருகின்றது. பெருநாள் தினத்தில் ஆயிஷா நாயகி (றழி) அவர்களின் வீட்டில் தஃப் தட்டிக்கொண்டிருந்ததை அபூபக்ர் (றழி) அவர்கள் கண்டித்தபோது, "அவர்களை விட்டுவிடுங்கள், இவை பெருநாளின் நாட்கள்" என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள் என்று புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகின்றது. தட்டியவர்கள் இரண்டு சிறுமிகள். பெண்பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது மாத்திரம் இந்தச் செய்தி பலருக்கு மறந்துபோவது ஏன் என்று எனக்கு விளங்குவதில்லை. நமது ஊர்களில் நோன்பு இரவுகளில் ஸஹருக்கு எழுப்பிய பக்கீர் பாவாவின் றபானும், அண்ணாவியாரைச் சுற்றி நின்று ஆடும் பொல்லடியும் நமது மூத்தவர்களுக்கு அந்நியமானவையா என்ன?

நான் சொல்ல வருவது இதுதான். வேண்டாம் என்று தீர்மானிப்பதாயின் பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன் தீர்மானியுங்கள். அது உங்கள் உரிமை. பாடசாலை அதை மதிக்கத்தான் வேண்டும். சேர்த்துவிட்டால், அதன் பிறகு பெரியவர்களின் சச்சரவு பிள்ளையின் தலையில் விழக்கூடாது. ஒன்பது வயதுப் பிள்ளை காலையில் அதிபரின் பாராட்டையும் மாலையில் வாப்பும்மாவின் சாபத்தையும் ஒரே ட்ரம்முக்காகச் சுமந்தால் அவனது கை எப்படி ஓடும்?

இனி அந்த மூன்றாம் வாரத்துக்கு வருவோம்.

நான் வாத்தியம் கற்பிப்பவன் அல்லன். ஆனால் பல வருடங்களாகக் குர்ஆன் மத்ரஸாவில் பிள்ளைகளின் நாவோடு போராடி வருபவன். பாடசாலையில் பாண்ட் பயிற்சி நடக்கும் மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்த்தும் இருக்கிறேன். பயிற்றுநர்களிடம் கேட்டும் அறிந்திருக்கிறேன். இரண்டும் ஒரே கதைதான். முதல் வாரத்தில் எல்லாமே புதினம். அலிஃப், பே என்று பிள்ளை பாடிக்கொண்டு வரும். பிறகு ஹர்க்கத்து வரும், சேர்த்து ஓத வேண்டி வரும். அப்போது நா மறுக்கும். ட்ரம்மிலும் அப்படியே. முதலில் ஒற்றை அடி. பிறகு வலது, இடது, வலது, இடது என்று மாறி மாறி ஒரே சத்தத்தில் விழ வேண்டும். வலக்கைக்காரப் பிள்ளைக்கு இடக்கை சொன்னபடி கேட்காது. அதோடு காலும் நடக்க வேண்டும். முதல் எட்டு இடது காலில் விழ வேண்டும். இத்தனையும் ஒரே நேரத்தில்! பிள்ளை மூன்றாம் வாரத்தில் அழுதால் அது சோம்பல் அல்ல, பிடிவாதமும் அல்ல. ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளும் தடக்கும் இடம் அது. தனக்கு மாத்திரந்தான் வரவில்லை என்று அது நினைத்துக்கொள்கின்றது.

குர்ஆனைத் திக்கித் திக்கிச் சிரமப்பட்டு ஓதுபவருக்கு இரண்டு கூலி என்பது நபிமொழி. திக்குபவரை அல்லாஹ்வின் தூதர் எப்படிப் பார்த்தார்கள், நாம் எப்படிப் பார்க்கிறோம்? இதை எழுதும்போது எனக்கே தொண்டை அடைக்கின்றது. அதற்கொரு காரணம் உண்டு.

நான் மௌலவியாகி வெளிவந்த புதிதில் ஒரு மத்ரஸாவில் ஓதிக் கொடுத்தேன். ஒரு பையனுக்கு 'ளாத்' எழுத்து வரவே வராது. பெரியவர்களுக்கே கடினமான எழுத்து அது. இளமை வேகம், நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நிறுத்தி, பத்துத் தடவை சொல்லச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்த நாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. நானும் தேடிப் போகவில்லை. இருபது வருடங்களுக்குப் பிறகு நான் ஏறிய ஒரு திரீவீலரின் சாரதி என்னை அடையாளம் கண்டு ஸலாம் சொன்னார். காசு வாங்க மறுத்தார். இறங்கும்போது, "மௌலவி, தொழுகையில் ஓதுற அளவுக்குத் தெரியும். ஆனா ஆக்களுக்கு முன்னால சத்தமா ஓத இன்னும் பயம். மகளுக்கு நான் சொல்லிக் கொடுக்கிறதில்லை, பிழையாப் போயிடும்" என்றார். அவரிடம் கோபமே இருக்கவில்லை. கோபித்திருந்தால் நான் அன்றிரவு தூங்கியிருப்பேன்.

எனவே பிள்ளையின் தவறைக் கண்டு வீட்டில் எவரும் சிரிக்கக்கூடாது. நானாமாரும் ராத்தாமாரும் கேலி செய்தால் உடனே நிறுத்துங்கள். தொலைபேசியில் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போடாதீர்கள். பிள்ளை தானாகக் கேட்டாலன்றி. 'பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வருகுதே' என்ற வசனத்தை வாய்க்குள்ளேயே விழுங்கிவிடுங்கள்.

அப்படியானால் உம்மா என்னதான் செய்வது? "எனக்கு இசை ஒன்றும் தெரியாதே" என்று அந்தத் தாய் எழுதியிருந்தார். தெரியவேண்டியதில்லை. பயிற்றுநரிடம் ஒருமுறை போய் மூன்று விடயங்களைக் கேளுங்கள்: குச்சியை எப்படிப் பிடிக்க வேண்டும், இந்த வாரம் எதைப் பழக வேண்டும், அதை எப்படி எண்ண வேண்டும். ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். பாட்டா செருப்பு வாங்கும்போது அளவு பார்க்கும் தாய்க்கு இது பெரிய காரியமா?

குச்சியைப் பிடிப்பது முக்கியம் என்கிறார்கள். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில், குச்சியின் பின்முனையிலிருந்து மூன்றிலொரு பங்கு அளவில் பிடித்து, மற்ற விரல்கள் இறுக்காமல் சுற்றி நிற்க வேண்டும். அடித்ததும் குச்சி தானாகத் துள்ளி எழ வேண்டும். பயந்த பிள்ளை இறுக்கிப் பிடிக்கும். இறுக்கினால் துள்ளாது, கையும் உளையும். உங்கள் பிள்ளையின் உள்ளங்கை சிவந்திருந்தால் இதைக் கவனியுங்கள்.

ட்ரம் வாங்க வேண்டாம். நகையை அடகு வைத்து வாங்கிக் கொடுத்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். ஆறு மாதத்தில் அது அலுமாரிக்கு மேலே ஏறிவிட்டது. வீட்டுப் பயிற்சிக்கு ஒரு சோடிக் குச்சியும், வாங்கின் மேல் வைத்த ஒரு பழைய ரப்பர் செருப்பும் போதும். ரப்பரில் அடித்தால் குச்சி நன்றாகத் துள்ளும், சத்தமும் குறைவு. குச்சி வாங்கும்போது இரண்டும் ஒரே பாரமா என்று கையில் வைத்துப் பாருங்கள். சமமான தரையில் உருட்டியும் பாருங்கள். தத்தித் தத்தி உருண்டால் அது வளைந்த குச்சி. தும்புத்தடியை வெட்டிக் கொடுத்தால் ஒன்று மொத்தம், ஒன்று மெலிவாகி, இடக்கை இன்னும் சங்கடப்படும்.

வேகம் வேண்டாம். அணிநடையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 எட்டுக்கள், அதாவது செக்கனுக்கு இரண்டு. தொடக்கத்தில் பிள்ளைக்கு அது ஓட்டம். சுவர் மணிக்கூட்டின் கீழே இருத்தி, செக்கன் முள்ளின் ஒரு 'டிக்'குக்கு ஓர் அடி என்று பழக்குங்கள். வலது, இடது, வலது, இடது. நான்கு எண்ணி மீண்டும் ஒன்று. அது சீராக வந்த பிறகு முற்றத்தில் நின்ற இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டு அடிக்கட்டும். ஓதப் போகும் பிள்ளைகளுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. மத்துக்கு இரண்டு, நான்கு, ஆறு ஹரகத் என்று விரலை மடித்து எண்ணிப் பழகியவர்கள் அல்லவா அவர்கள்? "மத்தை எண்ணுவது போல எண்ணு மகன்" என்று சொல்லிப் பாருங்கள், உடனே பிடித்துக்கொள்வார்கள்.

ஓரிடத்தில் பிழைத்தால் முதலிலிருந்து தொடங்குவதுதான் பிள்ளைகளின் வழக்கம். ஹிப்ழு ஓதுபவர்களிடமும் இதைக் காண்கிறேன். ஸூராவின் முதல் ஐந்து ஆயத்துக்கள் தண்ணீராக ஓடும். தடக்கும் ஆறாவது ஆயத்து தடக்கிக்கொண்டே இருக்கும். தடக்கும் துண்டை மாத்திரம் பிய்த்தெடுத்து, மெதுவாக ஐந்தாறு தடவை செய்யச் சொல்லுங்கள். பிறகு முன்னும் பின்னும் சேர்க்கலாம்.

எவ்வளவு நேரம்? பத்து நிமிடம். ஆம், பத்தே நிமிடம், ஆனால் நாள்தோறும். அமல்களில் அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது குறைவாயினும் நிலையாகச் செய்யப்படுவதே என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னது வணக்கத்துக்கு. பிள்ளையின் கைக்கும் அதே வழிதான் பொருந்துகின்றது. வெள்ளிக்கிழமை ஒரு மணித்தியாலம் அடித்துவிட்டு மற்ற நாட்களில் தொடாமலிருப்பதில் பயனில்லை. அஸருக்குப் பின், மஃரிபுக்கு முன் என்று நேரத்தைக் கட்டிவிடுங்கள். பாங்கு கேட்டதும் குச்சி கீழே போகட்டும். நீங்கள் சொல்லாமலே போடும்படி பழக்குங்கள். நோயாளியோ கைக்குழந்தையோ உள்ள வீட்டுப் பக்கம் சத்தம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அண்டை வீட்டார் உரிமை பெரியது. அந்தப் பத்து நிமிடத்தில் நீங்கள் கீரை ஆய்ந்துகொண்டாவது பக்கத்தில் இருங்கள். ஒரு நாளைக்கு, "எனக்கும் சொல்லித் தா மகன்" என்று குச்சியை வாங்கிப் பாருங்கள். உங்களுக்கு வராது. அதைப் பார்ப்பதே அவனுக்குப் பாதி மருந்து.

முஸ்லிம் பாடசாலைகளில் நோன்பு விடுமுறை ஒரு தனிப் பிரச்சினை. பயிற்றுநரைக் காணாத ஒரு மாதத்தில் கை மறந்துவிடும். நோன்பு பிடிக்கும் பிள்ளையை வருத்தாமல், இரவில் ஓர் ஐந்து நிமிடம் செருப்பின் மேல் தட்டினால் போதும், பழக்கம் அறுந்துபோகாது.

மெலோடிக்கா கிடைத்த பிள்ளைகளின் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. ஊதும் முனையும் குழாயும் பிள்ளைக்குச் சொந்தமாக இருக்கட்டும். ஒருவர் வாயில் வைத்ததை அடுத்தவர் வைப்பது தடிமலை வகுப்பு முழுவதும் பரப்பும். குழாயைக் கழற்றிக் கழுவிக் காய வையுங்கள். உள்ளே எச்சில் தேங்கினால் சுரம் கெடும். பித்தளைக் குழல் கொடுப்பதானால், முன்பற்கள் விழுந்து முளைக்கும் வயதில் உதட்டுக்குப் பிடிமானம் இராது என்பதைப் பயிற்றுநரிடம் சொல்லத் தயங்க வேண்டாம்.

புலமைப்பரிசில் வகுப்புகள், ரியூசன், மத்ரஸா, பாண்ட் எல்லாம் ஒரே பிள்ளைக்கு எப்படி என்றும் கேட்கிறீர்கள். ஓதலைக் குறைக்க நான் சம்மதிக்கமாட்டேன், நான் மௌலவி. ஆனால் ஐந்தாம் தரப் பரீட்சைக்காக மூன்றாம் தரத்திலிருந்தே மூன்று ரியூசன்களுக்கு அனுப்புவோரிடம் ஒன்றைக் குறைக்கச் சொல்வேன். கோபித்தாலும் பரவாயில்லை.

"போகமாட்டேன்" என்று பிள்ளை சொன்னால், இல்ல விளையாட்டுப் போட்டி வரை என்றோ, இந்தத் தவணை முடியும் வரை என்றோ ஓர் எல்லை வைத்துப் பேசிக்கொள்ளுங்கள். கூட்டாகச் செய்யும் காரியத்தில் ஒருவர் இடையில் விட்டால் வரிசையே குலையும் என்பது பிள்ளைக்கு விளங்கும். அந்த நாள் வந்ததும் தீர்மானம் அவனுடையது, வாக்கை மாற்றாதீர்கள். ஆனால் அதற்கும் முன் ஒரு வேலை இருக்கின்றது. ஏன் என்று தேடிப் பார்க்க வேண்டும். வாயால் கேட்டால் அநேகமாகப் பதில் வராது. "விருப்பமில்லை" என்பார்கள், அவ்வளவுதான். அடிக்கிறார்களா, பெரிய பையன்கள் மிரட்டுகிறார்களா, வெயிலில் தலை சுற்றுகிறதா என்று நாம்தான் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். அடியோ அவமானமோ காரணமாயின் எல்லையும் வேண்டாம், தவணையும் வேண்டாம். அன்றைக்கே அதிபரைச் சந்தியுங்கள்.

அந்தத் தாய்க்கு நான் உடனே எழுதிய பதிலில் சட்டத்தைப் பற்றி மூன்று வரிதான் எழுதினேன். "பயிற்சி நடக்கும் நாளில் மைதானத்துக்குப் போய், அவன் காணாதபடி தூரத்தில் நின்று பாருங்கள். அன்றிரவு குளிப்பாட்டும்போது உடம்பையும் பாருங்கள்" என்று கேட்டிருந்தேன்.

சென்ற கிழமை மறுகடிதம் வந்தது. பிள்ளையின் இடது தொடையில், முழங்காலுக்குச் சற்று மேலே, உள்ளங்கையளவு கன்றிப்போயிருந்ததாம். பெரிய பிள்ளைகளுக்கு அளவெடுத்த வாரில் ட்ரம் தொங்கியதால், ஒவ்வொரு எட்டுக்கும் இரும்பு வளையம் தொடையில் மோதியிருக்கின்றது. சேரிடம் சொன்னால் குழுவிலிருந்து விலக்கிவிடுவார் என்று சொல்லவில்லை. உம்மாவிடம் சொன்னால் வாப்பும்மாவுக்குத் தெரிந்து, 'பார்த்தியா, அல்லாஹ் காட்டிட்டான்' என்பார் என்று அங்கேயும் சொல்லவில்லை. போகமாட்டேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறான்.

தாய் மறுநாளே போய்ப் பயிற்றுநரிடம் காட்டியிருக்கிறார். அவர் வருந்தி, வாரை இரண்டு துளை சுருக்கி, வளையத்தில் ஒரு துணியும் சுற்றிக் கொடுத்தாராம். காயத்துக்கு எண்ணெய் போட்டுத் தடவியது வாப்பும்மாதானாம். ட்ரம்மைப் பற்றி அவர் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பிள்ளை போய் வருகிறான். இடக்கை இன்னும் பிந்தித்தான் விழுகிறது என்று தாய் எழுதியிருக்கிறார்.